அந்தச் சாரம் இப்போது எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை கூடும். இம்முறை செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றவர்களையும், அவர்களை மீட்ட மரபணுப் பரிசோதனையையும் பற்றிக் கேட்கச் சொன்னார்கள். முப்பது வருடம் குற்றவியல் வழக்குகளில் தோன்றிய சட்டத்தரணி என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: சேர், டி.என்.ஏ. என்றதும் எங்களுக்குச் சுனாமிக் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. கொலைகாரனைப் பிடிப்பதும் அதே பரிசோதனைதானா?

எனக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட குழந்தை. பலர் உரிமை கோரியதாகப் பேச்சு அடிபட்டது. 2005 பெப்ரவரியில் பரிசோதனை முடிவு வந்த பிறகே பிள்ளை பெற்றோர் கைக்குப் போனது.

அடிப்படை ஒன்றுதான் ரீச்சர். ஆனால் அங்கே தாயும் தகப்பனும் புதிய மாதிரி கொடுத்தார்கள். கொலை வழக்கில் உடுத்திருந்த சாரத்தில் காய்ந்த இரத்தமோ நகத்துக்குள் ஒட்டிய தோலோதான் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. 'பொருந்துகிறது' என்றால் அது எத்தனை பேருக்குப் பொருந்தக்கூடும் என்று கணக்குக் காட்ட வேண்டும். கொலையாளி விட்டுச்சென்றதுதான் என்று உறுதியான தடயத்தில் 'பொருந்தவில்லை' என்று வந்தால் கணக்கே தேவையில்லை, அவன் அதன் சொந்தக்காரன் அல்ல. நிரபராதிகளுக்கு இந்தப் பரிசோதனை கைகொடுப்பது இதனால்தான்.

ஆரையம்பதி இளைஞர்: வெளிநாட்டுக் கதைதானே ஐயா? நம் நாட்டில் யாரையாவது இது காப்பாற்றியிருக்கிறதா?

கொட்டதெனியாவவை மறந்துவிட்டீர்களா தம்பி? 2015 செப்டெம்பரில் ஐந்து வயதுச் சிறுமி இரவில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் பிடிபட்டார்கள். ஊரும் பத்திரிகைகளும் அவர்களைக் குற்றவாளிகளாக்கி முடித்திருந்தன. பரிசோதனை முடிவு வந்தது, பொருந்தவில்லை. தங்களை அடித்ததாக அவர்கள் பிறகு சொன்னார்கள்.

அடுத்து ஒருவர் பிடிபட்டார். இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அறிவித்தார்கள். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய உடன்பிறந்த சகோதரனுக்கு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது. பரிசோதனை இல்லாதிருந்தால் அந்தக் கூண்டில் யார் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள்.

உலகத்தில் கொலை வழக்கொன்றில் இது முதன்முதல் செய்த வேலையும் இப்படிப்பட்டதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு கொலையை 17 வயது இளைஞன் ஒப்புக்கொண்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துவிட்டு, இரண்டையும் செய்தவன் ஒருவனே, ஆனால் இந்தப் பையன் அல்ல என்றார். உண்மையான குற்றவாளிக்கு 1988இல் தண்டனை கிடைத்தது.

காத்தான்குடி வியாபாரி: அதுதான் எனக்கு விளங்கவில்லை. செய்யாத கொலையைச் 'செய்தேன்' என்று எந்த மனிதன் சொல்லுவான்?

நானும் இளம் சட்டத்தரணியாக இருந்தபோது இப்படித்தான் நினைத்தேன் நானா. பிறகு விளக்கமறியலில் கட்சிக்காரர்களைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். பயம், தூக்கமின்மை, அடி, 'ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்' என்ற வாக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். அமெரிக்காவில் மரபணுவால் விடுதலையான முதல் 375 பேரில் 29 சதவீதத்தினரின் வழக்கில் பொய்யான ஒப்புதல் இருந்தது.

நம் சட்டத்துக்கும் இந்தப் பயம் உண்டு. சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். எத்தனை வழக்குகளில் கத்தி 'எதிரி', அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், 'காட்டிய இடத்தில்' கிடைக்கிறது என்று கவனியுங்கள், நான் வேறொன்றும் சொல்லவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்கிறது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தோளில். அந்தச் சட்டம் எங்கள் மாவட்டத்தில் எத்தனை வீட்டு வாசலுக்கு வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாழைச்சேனையிலிருந்து: கண்ணால் கண்ட சாட்சி இருந்தால்?

மேற்சொன்ன 375 பேரில் 69 சதவீதத்தினரைச் சாட்சிகள் தவறாக அடையாளம் காட்டியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்பதல்ல. பெரும்பாலும் நம்பித்தான் சொன்னார்கள்.

அமெரிக்காவின் மேரிலண்டில் கேர்க் பிளட்ஸ்வர்த் என்பவரை ஐந்து சாட்சிகள் அடையாளம் காட்டினார்கள். ஒன்பது வயதுச் சிறுமியைக் கொன்றதாக 1985இல் மரண தண்டனை. மறுவிசாரணையில் அது ஆயுள் தண்டனையானது. சிறையில் புத்தகம் படித்து மரபணுப் பரிசோதனையைப் பற்றி அறிந்து, எனக்கும் செய்யுங்கள் என்று கேட்டார். பொருள்கள் அழிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். தேடியபோது சிறுமியின் உடை நீதிபதியின் அறை அலுமாரியில், காகிதப் பைக்குள் இருந்தது. 1993இல் வெளியே வந்தார். 2003இல் அந்தக் கறை யாருடையது என்றும் தெரிந்தது. அந்த ஆள் வேறொரு குற்றத்துக்காக அதே சிறையில் இருந்தவன்.

காகிதப் பை என்றதைக் கவனித்தீர்களா? அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கரைப்பற்று மாணவி: பரிசோதனையே பிழைக்காதா சேர்?

பிழைக்கும் மகள். ஜெர்மனியில் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. பெண் பொலிஸ் ஒருவரின் கொலையும் அதில் உண்டு. வருடக்கணக்காகத் தேடினார்கள். 2009இல் பார்த்தால், மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைச் செய்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் மரபணு அது! கலிபோர்னியாவில் 2012இல் கொலையுண்டவரின் நகத்தில் ஒருவரின் மரபணு இருந்தது. அந்த நேரம் அவர் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தார். அவரை ஏற்றிச்சென்ற அம்புலன்ஸ்காரர்களே பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள்.

ஒரே வீட்டில் நடந்த கொலையிலும் இது அதிகம் உதவாது. கணவனின் மரபணு மனைவியின் உடையில் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

இன்னொருவர்: இரட்டைப் பிள்ளைகள் என்றால்?

ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களென்றால் வழக்கமான பரிசோதனை வேறுபடுத்தாது. கைரேகை வேறுபடுத்தும்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு சகோதரி, கடிதத்தில்: ஐயா, என் தம்பிக்கு மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை தீர்ப்பாகி ஒன்பது நாள். அவன் செய்யவில்லை. இறந்தவரின் சாரத்தில் வேறு ஆளின் இரத்தமும் இருந்தது என்று ஊரில் கதைக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் ஒரு ஆறுதல் தங்கச்சி. இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் காலம் போகிறது. மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் நாளைக் காலையே மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, அந்தச் சாரம். அது சான்றுப்பொருள் பட்டியலில் இருக்கிறதா, அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பினார்களா, இரத்தம் மனிதனுடையதா என்று மட்டும் பார்த்தார்களா, மரபணுவும் எடுத்தார்களா என்று வழக்கேட்டில் பாருங்கள். மேன்முறையீடு முடியும்வரை அதை அழிக்கக்கூடாது என்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது.

இதை வற்புறுத்த எனக்குக் காரணம் உண்டு. ஒரு வழக்கில், எங்கே என்று சொல்லமாட்டேன், என் கட்சிக்காரனுக்காக இரத்தம் தோய்ந்த சேட்டைப் பரிசோதிக்கக் கேட்டேன். கொண்டுவந்தார்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் முடிந்து வைத்த துணி. எங்கள் ஊர் வெக்கையில் பூஞ்சணம் பிடித்துப் பச்சையாக இருந்தது. ஈரத் துணியை உலரவிட்டுக் காகிதப் பையில் வைத்திருந்தால் பல வருடங்களுக்குப் பிறகும் சோதிக்கலாம். இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டுக் கொலையொன்றுக்காக 38 வருடம் சிறையிருந்த பீற்றர் சலிவன் 2025 மே மாதம் விடுதலையானார். அவரை மீட்டதும் அத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்த மாதிரிதான்.

வழக்கு இலக்கத்தையும் தீர்ப்பின் திகதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.