கடன் வாங்கிக் கழித்தல் - குடியாத்தம் டீச்சருக்கு

டீச்சர், மூணாவதுல பாதிப் பசங்களுக்கு கடன் வாங்கிக் கழிக்கறது எத்தனை தடவை போர்டுல போட்டாலும் ஏறலைன்னு கேட்டிருந்தீங்க. போர்ட கொஞ்ச நாள் விட்டுடுங்க. உங்க ஊர்லயே மருந்து முக்காத வெறும் தீக்குச்சி கிடைக்கும், பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டச் சொல்லுங்க. 52ல 27 எடுன்னா கையில 5 கட்டு 2 குச்சி இருக்கும், 7 எடுக்க முடியாம திருதிருன்னு முழிப்பாங்க, அப்ப ப்ளீஸ் வாய தொறக்காதீங்க, அவங்களே ஒரு கட்ட பிரிக்கற வரைக்கும் பொறுங்க. 12 குச்சில 7 போனா 5, மீதி 4 கட்டுல 2 போனா 2, 25 வந்துடும். ஆம்பூர் பக்கம் என் கிளாஸ்ல பேசவே பேசாத ஒரு பொண்ணு கட்ட பிரிச்சிட்டு "மிஸ், சில்லறை மாத்தற மாதிரி"ன்னா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நம்ம அரசுப் பள்ளி எண்ணும் எழுத்தும் திட்டத்துல பசங்கள அவங்கவங்க கற்றல் நிலைப்படி அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிரிச்சதும் இதுக்குத்தானே, அரும்புப் பசங்க கையிலேர்ந்து மட்டும் குச்சிய சீக்கிரம் பிடுங்கிடாதீங்க.