கண் நரம்பு வீக்கத்துக்கு முதுகில் ஊசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. போன மாதம் காய்ச்சல் வந்து போனது. பத்து நாள் கழித்து, "போர்டு புகையாத் தெரியுதும்மா" என்றாள். மன்னார்குடியில் கண்ணாடி வாங்கிப் போட்டும் தெளியவில்லை. தஞ்சாவூரில் இரண்டு கண்ணிலும் நரம்பு வீக்கம் என்று சேர்த்து, ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை போதாதென்று முதுகிலும் நீர் எடுக்க வேண்டுமாம். எதற்கு டாக்டர்?

பதில்: முதுகு ஊசி என்றதும் பதறாத தாயை நான் பார்த்ததில்லை. கண் நரம்பு மூளையின் ஒரு நீட்சிதான் அம்மா. மூளையைச் சுற்றியுள்ள நீர்தான் அந்த நரம்பின் உறைக்குள்ளும் முதுகுத்தண்டிலும் இருக்கிறது. முதுகின் அடிப்பகுதியில், இடுப்பு எலும்பின் மட்டத்தில் ஊசி போடுவார்கள். அந்த இடத்தில் தண்டுவடம் கிடையாது.

இரண்டு கண் நரம்பும் வீங்கினால், அது அழற்சியா, மண்டைக்குள் அழுத்தம் கூடியதா என்பதே முதல் கேள்வி. கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பைப் பார்த்தால் இரண்டு வகை வீக்கமும் ஒன்றுபோலத் தெரியலாம். அழுத்தத்தில் தொடக்கத்தில் பார்வை பெரிதாகக் குறையாது. அழற்சியில் பார்வை குறைவதோடு நிறமும் வெளிறித் தெரியும். குங்குமச் சிமிழைக் காட்டினால் பிள்ளை "செங்கல் கலர்" என்பாள். ஸ்கேன் பார்த்த பிறகு ஊசி போடும்போதே அழுத்தத்தையும் அளந்துவிடுவார்கள். அந்த நீரில் காசநோய் மூளைக்காய்ச்சலின் தடயம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நம் ஊரில் இதை விடவே முடியாது.

ரத்தத்தில் தேடுவது முக்கியமாக நரம்பு மண்டலத்தில் உள்ள எம்.ஓ.ஜி., அக்வாபோரின்-4 என்ற புரதங்களைத் தாக்கும் இரண்டு எதிர்ப்பொருள்கள். காய்ச்சலுக்குப் பின் சிறு பிள்ளைகளுக்கு இரு கண்ணிலும் வந்தால் என் சந்தேகம் முதலில் எம்.ஓ.ஜி. மேல்தான் போகும். பெரும்பாலும் பார்வை நன்றாகவே திரும்பும். அக்வாபோரின் வகை கடுமையானது. திரும்பத் திரும்ப வரும், நீண்டகால மருந்து வேண்டும். நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்திருக்கக்கூடிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) இந்த வயதில் குறைவு. முடிவு வரச் சில நாள் ஆகலாம். அதற்காக ஸ்டீராய்டை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

நீங்களும் ஒன்று செய்யலாம். குளிக்க வைக்கும்போது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வரப்போரப் புதரில் இருக்கும் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. அபூர்வமாகக் கண் நரம்பையும் தொடும். அதற்கு மருந்தே வேறு.

வீட்டுக்கு வந்தபின், பார்வை தெளிந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எம்.ஓ.ஜி. வகை, ஸ்டீராய்டை அவசரமாகக் குறைத்தால் மறுபடி எட்டிப்பார்க்கும். பாட்டி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்துவிடச் சொன்னால், வீக்கம் விழிக்குப் பின்னால் இருக்கிறது, சாறு அங்கே போகாது என்று சொல்லுங்கள்.