ஃபுசாகா மேம்பாடு: பழைய வாலட் செல்லாதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். 2021-இல் மகன் வாங்கிக் கொடுத்த 0.4 ஈத்தர் என்ற டிஜிட்டல் நாணயம், மலேசியாவில் பதிவு பெற்ற ஓர் எக்ஸ்சேஞ்சில் (நாணயம் வாங்கி விற்கும் தளம்) இருக்கிறது. அதே ஆண்டு வாங்கிய 1,200 மேட்டிக் என்ற இன்னொரு நாணயம் கைப்பேசியில் மெட்டாமாஸ்க் வாலட்டில் (நாணயம் வைக்கும் செயலி) இருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஃபுசாகா மேம்பாடு முடிந்துவிட்டதாம், பழைய வாலட் செல்லாதாம். 48 மணி நேரத்துக்குள் வாலட்டின் 12 இரகசியச் சொற்களைப் பதிவு செய்து, 180 ரிங்கிட் கட்டி, புது வாலட்டுக்கு மாற வேண்டுமாம். நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பணம் போய்விடுமா? விலைப்பட்டியலில் மேட்டிக் என்ற பெயரையே காணோமே?

பதில்: ஐயா, பணம் போகாது. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் சரி. அந்தச் செய்தி மோசடி: அந்த 12 சொற்கள்தான் வாலட்டின் சாவி, அவை தெரிந்தவர் பணத்தை எடுத்துவிடலாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. மேட்டிக் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கலாம்.

ஃபுசாகா உண்மையான மேம்பாடுதான். மலேசிய நேரப்படி 4.12.2025 விடிகாலையில், ஈத்தர் இயங்கும் வலையமைப்பான ஈத்தீரியத்தில் அது நடப்புக்கு வந்தது. வலையமைப்பை நடத்தும் கணினிகள் எல்லாத் தரவையும் முழுதாக இறக்காமல், பகுதி பகுதியாகச் சரிபார்க்க அது வழி செய்தது. மாற வேண்டியவர்கள் அந்தக் கணினிகளை நடத்துபவர்களும் வாலட் நிறுவனங்களும் எக்ஸ்சேஞ்சுகளும்தான். உங்கள் முகவரி, 12 சொற்கள், 0.4 என்ற இருப்பு எதுவும் மாறவில்லை. 15.9.2022-இல் ஈத்தீரியம் சுரங்க முறையையே (கணினிகள் போட்டி போட்டுக் கணக்கிடும் முறை) கைவிட்டபோதும் இப்படித்தான். அப்போதும் "ஈத் 2 நாணயத்துக்கு மாறுங்கள்" என்று ஏமாற்றினார்கள். அப்படி ஒரு தனி நாணயம் கிடையாது.

11.5.2024-இல் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) நம் சேமிப்பை மூன்று கணக்குகளாகப் பிரித்ததை நினைத்துப் பாருங்கள். உறுப்பினர் எண் அப்படியே இருந்தது, பணத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் எங்கும் ஓடவில்லை. பிளாக்செயின் (ஈத்தீரியம் போன்ற நாணய வலையமைப்பு) மேம்பாடும் பெரும்பாலும் அப்படித்தான்.

எக்ஸ்சேஞ்சில் உள்ள 0.4 ஈத்தரை அப்படியே விடுங்கள். மேம்பாட்டு நேரத்தில் எக்ஸ்சேஞ்சுகள் ஈத்தர் அனுப்புவதையும் பெறுவதையும் சில மணி நேரம் நிறுத்தி வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் அனுப்பினால் கணக்கில் ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான். உங்கள் எக்ஸ்சேஞ்ச் உண்மையிலேயே பதிவு பெற்றதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். பதிவு பெற்ற டிஜிட்டல் சொத்து எக்ஸ்சேஞ்சுகளின் பட்டியலும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் மலேசிய செக்யூரிட்டிஸ் ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ளன.

இனி மேட்டிக். மேட்டிக்கின் சொந்த வலையமைப்பான பாலிகான் 4.9.2024 முதல் மேட்டிக்குக்குப் பதிலாகப் 'போல்' (POL) என்ற நாணயத்துக்கு மாறியது. ஒன்றுக்கு ஒன்று, 1,200 மேட்டிக்குக்கு 1,200 போல். பெயர் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது அந்த மேட்டிக் எந்த வலையமைப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஈத்தீரியத்திலும் பாலிகானிலும் உங்கள் முகவரி ஒன்றேதான்.

மெட்டாமாஸ்க்கில் முகவரியை நகல் எடுங்கள். 0எக்ஸ் (0x) என்று தொடங்கும் அந்த முகவரி யாருக்குத் தெரிந்தாலும் பணத்தை எடுக்க முடியாது. அதை முதலில், பாலிகானில் உள்ள இருப்பைக் காட்டும் பாலிகான்ஸ்கேன் தளத்தில் தேடுங்கள். இருப்பு அங்கே போல் என்று தெரிந்தால் அது தானாகவே மாறிவிட்டது, விட்டுவிடுங்கள். அங்கே இல்லாமல், ஈத்தீரியத்துக்கான ஈதர்ஸ்கேன் தளத்தின் டோக்கன் (நாணயம்) பட்டியலில் 1,200 மேட்டிக் என்று இருந்தால், அது ஈத்தீரியத்தில் உள்ள பழைய டோக்கன். அதை நீங்களே மாற்ற வேண்டும்.

அதற்குப் பாலிகானின் அதிகாரபூர்வ போர்ட்டல் இருக்கிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: போர்ட்டல் டாட் பாலிகான் டாட் டெக்னாலஜி (portal.polygon.technology). கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பரத்தையோ, குழுவில் வந்த சுட்டியையோ தொடாதீர்கள். வாலட்டை இணைத்ததும் இரண்டு முறை ஒப்புதல் கேட்கும். முதலாவது, மேட்டிக்கை எடுக்க அனுமதி. அங்கே செலவு வரம்பு என்ற இடத்தில் வரம்பற்ற தொகை போட்டிருந்தால் 1,200 என்று மாற்றுங்கள். இரண்டாவதுதான் மாற்றம். முதலில் 10 மேட்டிக்கை மாற்றிப் பார்த்து, போல் வந்து சேர்ந்த பிறகு மீதியை மாற்றுவது நல்லது. கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனாலும் நிம்மதி.

இரண்டு ஒப்புதலுக்கும் கட்டணம் ஈத்தரில்தான் போகும். வாலட்டில் மேட்டிக் மட்டும் இருந்து ஈத்தர் இல்லையென்றால் ஒன்றும் நகராது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சிறிது ஈத்தர் அனுப்ப வேண்டும், ஈத்தீரியம் வலையமைப்பைத் தேர்ந்தெடுத்து. எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்: கட்டணத்தை அளக்கும் அலகு கேஸ், க்வெய் என்பது ஈத்தரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இரண்டுக்கும் சேர்த்து 150,000 கேஸ் செலவாகி, கேஸ் விலை 2 க்வெய் என்றால் 0.0003 ஈத்தர். விலை 20 க்வெய் என்றால் 0.003. பத்து மடங்கு! அவசரமில்லை, விலை இறங்கும் நேரம் பார்த்துச் செய்யலாம்.

தோட்டப் பக்கம் லைன் சரியாக இருக்காது. ஒப்புதல் கொடுத்ததும் திரை நின்றுபோனால் மறுபடி அழுத்தாதீர்கள். ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரியைப் பாருங்கள். நிலுவையில் இருந்தால் காத்திருங்கள், முடிந்திருந்தால் முடிந்தது. பழைய மேட்டிக்கை நேராக எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். மேட்டிக் ஏற்பதை நிறுத்திவிட்ட எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால், அதை மீட்பது அவர்கள் கையில்தான்.

7.5.2025-இல் வந்த பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு இன்னொரு கவனம் தேவை. சாதாரண வாலட் கணக்கு ஒரு நிரலின் கட்டுப்பாட்டில் இயங்க அது வழி விட்டது. நல்ல வாலட்டுகள் இதை நல்ல வேலைக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால் முன்பெல்லாம் ஒரு தவறான ஒப்புதலில் பெரும்பாலும் ஒரு டோக்கன் போகும், இப்போது ஒரே ஒப்புதலில் கணக்கு முழுவதுமே போகலாம். ஆகவே "ஸ்மார்ட் கணக்குக்கு மாறு" என்று ஏதோ ஒரு இணையத்தளம் கேட்டால் மறுத்துவிடுங்கள். நீங்கள் வாங்காத டோக்கன் ஏதாவது வாலட்டில் பரிசாக வந்து கிடந்தால், அதைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

செயலியைப் புதுப்பிக்க வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் செய்யுங்கள். அதற்கு முன் 12 சொற்களும் காகிதத்தில் வரிசைப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். மேம்பாட்டுக்குப் பயந்து செயலியை அழித்துவிட்டு, சொற்களும் இல்லாமல் நிற்பவருக்கு மெட்டாமாஸ்க் நிறுவனமே உதவ முடியாது. கைப்பேசிக் கடைத் தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாலட் திறந்திருக்கும் கைப்பேசியை அவரிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வேறு யாராவது அந்தச் சுட்டியில் சொற்களைப் பதிவு செய்திருந்தால் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. வேறு கைப்பேசியில் புது வாலட், புது 12 சொற்கள் உருவாக்கி, மதிப்பு கூடியதை முதலில் அங்கே அனுப்புங்கள், அதே நிமிடத்தில். பிளாக்செயினில் போனதைத் திருப்ப வழியில்லை. வங்கிப் பணம் வேறு: 180 ரிங்கிட் கட்டியிருந்தால் உடனே 997-ஐ (தேசிய மோசடி உதவி எண்) அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். நீங்கள் பணம் கட்டவில்லையென்றாலும், அந்தச் செய்தியில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். குழுவில் உள்ளவர்களுக்கு அந்த முடிவைப் படம் எடுத்து அனுப்புங்கள், இன்றைக்கே.