கில்லஸ்பி வரட்டும், விடுங்கள்

கேள்வி: ஐயா, 1806-இல் வேலூர்ப் புரட்சி வென்றிருந்தால் என்ற கற்பனையில் ஒரு வியூக விளையாட்டு செய்கிறேன். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதி கில்லஸ்பி வந்தால் கும்பினிக்கே (கிழக்கிந்தியக் கம்பெனிக்கே) வெற்றி, வராவிட்டால் சிப்பாய்களுக்கு. எப்படிச் சமன் செய்வது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, அருமையான கரு. கில்லஸ்பியைத் தடுக்காதீர்கள். ஆற்காடு சுமார் 25 கி.மீ.தான், ஜூலை 10 காலையிலேயே குதிரைப்படை வந்துவிட்டது. அவர் வரும்போது கோட்டை எப்படி இருக்கிறது என்பதை மாற்றுங்கள். அன்று மதில்மேல் பிரிட்டிஷ் 69-ஆவது படைப்பிரிவில் தப்பியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கில்லஸ்பி முதலில் ஏறிச் சேர்ந்தது அவர்களிடம்தான். அப்புறம் பீரங்கி வந்து கதவைத் தகர்த்தது. ஆகவே சிப்பாய்ப் பக்கம் ஆடுபவருக்கு ஒரு சுற்றில் மூன்றில் இரண்டே வேலை கொடுங்கள்: மதில்மேல் இருப்பவர்களை விரட்டுவதா, வாசலை அடைப்பதா, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகனை முன்னிறுத்தி மைசூருக்கு ஆள் அனுப்புவதா? எதை விட்டாலும் வலிக்க வேண்டும். அந்த வலிதான் ஆட்டம்.

வெற்றி இலக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கும்பினிக்குக் கோட்டை வேண்டும். சிப்பாய்களுக்குப் பொழுது சாயும்வரை தாங்கினால் போதும்.

அதற்கு மேலும் ஒரு பக்கம் கனத்தால், பக்கத்தை ஏலம் விடுங்கள். கும்பினியை விரும்புகிறவர், "குதிரைப்படை ஒரு சுற்று தாமதமாக வரட்டும்" என்று கேட்பார். இன்னொருவர் "இரண்டு சுற்று" என்பார். அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கே கும்பினி. காட்பாடியில் எங்கள் மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் இப்படித்தான் ஆடுகிறார்கள். எத்தனை சுற்றுத் தாமதத்தில் ஏலம் அடிக்கடி நிற்கிறதோ, அதையே விதியாக எழுதிவிடுங்கள்.