ஆட்டின் ரத்தப் பரிசோதனை: வயதையும் சினையையும் சேர்த்துப் படியுங்கள்

கேள்வி: எங்கள் செம்மறிகளுக்கு ரத்தம் சோதித்தோம். மூன்று மாதக் குட்டிக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மிக அதிகம். இரட்டைக் குட்டி சுமக்கும் நான்கு மாதச் சினை ஆட்டுக்குச் சர்க்கரை 42. எதற்கு வைத்தியம் பார்ப்பது?

பதில்: சினை ஆட்டுக்கு, அதுவும் இன்றே. குட்டி நன்றாக மேய்ந்து துள்ளித் திரிந்தால் கவலை வேண்டாம். அந்த நொதி வளரும் எலும்பிலிருந்து வருவது. பாஸ்பரஸும் அப்படித்தான், எலும்பு முற்ற முற்ற இரண்டும் இறங்கிவிடும்.

வளர்ந்த செம்மறிக்குச் சர்க்கரை 100 மில்லி ரத்தத்தில் 50 முதல் 80 மில்லிகிராம் இருக்க வேண்டும். பால்குடிக் குட்டிக்கு இன்னும் கூடுதல். பாலின் சர்க்கரை நேராக ரத்தத்தில் சேர்கிறது. அசைபோடத் தொடங்கியபின் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பெருவயிற்றில் தீவனம் நொதித்துக் கிடைக்கும் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு கல்லீரலே சர்க்கரையைத் தயாரித்தாக வேண்டும். கருவின் பெரும்பகுதி வளர்ச்சி நடப்பதோ கடைசி ஆறு வாரங்களில். வயிற்றில் இரண்டு குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, தேவை ஏறும் நேரத்தில் ஆடு தின்பது குறைகிறது. உடல் கொழுப்பைக் கரைக்கிறது, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் பெருகுகிறது. இதுதான் சினைக்கால நச்சு. கொழுத்த ஆடும் தப்பாது.

ஆனால் 42 என்பதை மட்டும் நம்பாதீர்கள். புளோரைடு இல்லாத குழாயில் ரத்தம் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மாறாக, பிடிக்கும்போது ஆடு மிரண்டால் சர்க்கரை ஏறும். அதனால் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட் என்ற கீட்டோனையும் அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.8 மில்லிமோலுக்குள் இருந்தால் நல்லது, 0.8 முதல் 1.6 வரை என்றால் தீவனம் போதவில்லை. 3-ஐத் தாண்டினால் சினைக்கால நச்சு என்றே கொள்ள வேண்டும்.

நிற்கிற, விழுங்குகிற ஆட்டுக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் வேளைக்கு 60 மில்லி, தினம் இரண்டு வேளை, மூன்று நாள் கொடுப்பது வழக்கம். தலையை அண்ணாந்து பிடிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். நுரையீரலுக்குள் போனால் ஆடு பிழைப்பது அரிது. படுத்துவிட்ட ஆட்டுக்கு இது போதாது, மருத்துவர் வந்தே ஆக வேண்டும். அப்போது கால்சியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பு 100 மில்லிக்கு 9 முதல் 12 மில்லிகிராம். பசுவுக்குப் பெரும்பாலும் ஈன்றபின் இறங்குவது, செம்மறிக்கு ஈனும் முன்பே இறங்கிவிடும். தள்ளாட்டமும் சோர்வும் நச்சைப் போலவே தோன்றும். சிரையில் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், நீங்களே போடாதீர்கள்.

கேள்வி: பிறந்த குட்டிக்கு ரத்தப் புரதம் குறைவு என்கிறார்கள். நோயா?

பதில்: சீம்பால் குடிக்கும் முன் எடுத்த ரத்தமா என்று பாருங்கள். செம்மறியின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதத்தைக் குட்டிக்குக் கடத்தாது. தாயின் ரத்தத்தில் இருக்கும் குளோபுலின் ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மடியில் சேர்வதால், சினை முற்றிய ஆட்டுக்கும் அது சற்றுக் குறைந்தே காட்டும். குட்டிக்கு ஒரு நாள் கழித்துச் சோதியுங்கள். அப்போது காமா ஜிடி என்ற நொதி எக்கச்சக்கமாக இருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது சீம்பாலிலிருந்து வந்தது, குட்டி குடித்ததற்கு நல்ல சாட்சி. அதுவும் குறைந்து, புரதமும் ஏறாமல் இருந்தால்தான் ஆபத்து.

கேள்வி: மாதிரியோடு என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

பதில்: வயது, சினை நாள், எத்தனை குட்டி, கடைசியாகத் தீவனம் வைத்த நேரம். கழுத்துச் சிரையில் எடுத்த ரத்தத்தைக் குலுக்காதீர்கள், மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அணு உடைந்து சீரம் சிவந்தால் பாஸ்பரஸ் உள்ளிட்ட சில அளவுகள் பொய்யாக ஏறும். மறுபடி எடுப்பதே சரி.