ஆமைக்குஞ்சு எங்கே போய்ச் சேரும் என்பதை நீரோட்டம் தீர்மானிக்கிறதா, நீச்சலா?

இரண்டும்தான். ஆனால் பெரிய பங்கு நீரோட்டத்துக்கே.

ஃபுளோரிடாக் கரையில் பொரிக்கும் பெருந்தலை ஆமைக்குஞ்சு உள்ளங்கையில் அடங்கிவிடும், 5 செ.மீ.கூட இருக்காது. முதல் ஒரு நாள் முழுக்கத் துடுப்படித்து ஆழ்கடலை நோக்கிப் பாய்கிறது. அதன்பின், அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டம் (Gulf Stream) அதை ஏந்திக்கொள்ளும். அந்த ஓட்டம் சில இடங்களில் நொடிக்கு 2 மீட்டர் வரை பாய்வது. குஞ்சால் எதிர்த்து நிற்க முடியாது. அப்படியே அட்லாண்டிக்கில் மிதந்து, போர்ச்சுகலுக்கு மேற்கே நடுக்கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகள் வரை போகிறது.

பாதை நேர்கோடல்ல. நீரோட்டம் நெளியும்போது அறுந்து பிரியும் சுழல்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல்கூட அகலமானவை, தமக்குள் சிக்கிய நீரை மாதக்கணக்கில் சுமந்து திரியும். ஒரே இரவில் பொரித்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று சுழலுக்குள்ளும் மற்றது வெளியிலும் அகப்பட்டால், சில வாரங்களில் அவை வெவ்வேறு கடற்பகுதிகளில் இருக்கும். நீர் ஒன்றுகூடும் விளிம்புகளில் சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி திரளும். இரையும் மறைவிடமும் அங்கேதான். பிளாஸ்டிக்கும் அங்கேயே சேர்வதுதான் மனதை உறுத்துகிறது.

வெறும் மிதப்பு என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோ வளைகுடாவில் இளம் ஆமைகளையும் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும் மிதவைக் கருவிகளையும் ஒன்றாக விட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளியானது. சில நாட்களிலேயே இரண்டின் பாதையும் பிரிந்துவிட்டது.