பெலிஸ்தியப் போர்வீரன் கோலியாத்தை எதிர்கொள்ளும் முன் தாவீது என்ன செய்துகொண்டிருந்தார்?

பெத்லகேம் ஊரானான ஈசாயின் 8 மகன்களில் கடைக்குட்டி அவர் என்கிறது பைபிளின் 1 சாமுவேல் நூல். (1 நாளாகமம் 2-ஆம் அதிகாரம் அவரை 7-வது மகன் என்கிறது.) வேலை, ஆடு மேய்ப்பது. அடுத்த அரசரைத் தேர்ந்தெடுக்கத் தீர்க்கதரிசி சாமுவேல் வந்தபோது 7 அண்ணன்மாரும் முன்னே நிறுத்தப்பட்டார்கள். இவரை வயலிலிருந்து அழைத்துவரச் சொல்லித்தான், அரசராக நியமிக்கும் எண்ணெய் அபிஷேகம் நடந்தது.

பிறகு அப்போதைய அரசர் சவுலின் மனக்கலக்கத்தைத் தணிக்கச் சுரமண்டலம் வாசிக்கப் போனார், அவருடைய ஆயுதங்களைச் சுமக்கும் ஆயுததாரியாகவும் ஆனார். ஆனாலும் ஆடுகளைப் பார்க்க அவ்வப்போது ஊர் திரும்பினார் (1 சாமுவேல் 17:15). போர்க்களமான ஏலா பள்ளத்தாக்குக்கு அவர் போனதும் சண்டை போட அல்ல. படையிலிருந்த 3 அண்ணன்மாருக்கு ஒரு எப்பா (சுமார் 22 லிட்டர்) வறுத்த தானியமும் 10 அப்பங்களும், அவர்களின் தலைவனுக்கு 10 பால்கட்டிகளும் தந்து ஈசாய்தான் அனுப்பினார்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 16-ஆம் அதிகாரத்தில் தாவீதை நேசித்த சவுல், 17:55-இல் "இவன் யாருடைய மகன்?" என்று கேட்கிறார். பழைய கிரேக்கப் பிரதியான வத்திக்கான் கையெழுத்துச் சுவடியில் 17:12-31, 17:55-18:5 பகுதிகளே இல்லை. இரண்டு மரபுகள் இணைந்திருக்கின்றன என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

வயது எங்கும் சொல்லப்படவில்லை. சிங்கத்தையும் கரடியையும் கொன்ற மேய்ப்பனை, படங்களில் வருவதுபோல் சின்னப் பிள்ளையாக எண்ண வேண்டாம். அவர் கோலியாத்தை வீழ்த்திய கவணும் அன்று போர்ப்படைகள் பயன்படுத்திய ஆயுதம்.